பழைய விளையாட்டு: எதை வைப்பது? எதை விடுவது?

1946-ம் ஆண்டு. திருவொற்றியூரில் ஒரு சிறு கொட்டகை. அதற்குள் பலூன் செய்தார்கள். குழந்தைகள் ஊதி விளையாடும் சாதாரண பலூன்!

தொடங்கியவர் கே.எம். மாம்மன் மாப்பிள்ளை. அந்தக் கொட்டகைதான் பிறகு எம்.ஆர்.எஃப். என்ற பெரிய நிறுவனம் ஆயிற்று. "மெட்ராஸ் ரப்பர் பாக்டரி" என்பதன் சுருக்கமே அந்தப் பெயர். பலூன் செய்த ஊரிலேயே 1960-களின் தொடக்கத்தில் டயர் செய்யத் தொடங்கினார்கள். லாரிகளைத் தாங்கும் டயருக்கு முன்னோடி ஒரு விளையாட்டுச் சாமான்!

வடசென்னை என்றால் பலருக்கு நினைவுக்கு வருவது துறைமுகம். அல்லது புகைபோக்கி. 1856-ல் திறக்கப்பட்ட ராயபுரம் ரயில் நிலையத்தைச் சிலர் சொல்வார்கள். 1955-ல் தொடங்கிய என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் தொழிற்சாலையைச் சிலர் சொல்வார்கள். ஆனால் அந்தத் தொழிற்சாலைகளுக்குப் போனவர்களின் வீட்டில் என்ன இருந்தது? அவர்களுடைய பிள்ளைகள் எதை வைத்து விளையாடினார்கள்? இதை யாரும் அதிகம் பேசுவது இல்லை.

பேச வேண்டும். காரணம் இருக்கிறது. அந்த விளையாட்டுகளில் ஒன்று இன்று உயிரைப் பறிக்கிறது. இன்னொன்று உலகப் பட்டம் வாங்கித் தருகிறது!

தீப்பெட்டி

தீப்பெட்டி மலிவாகக் கிடைக்காத காலத்தில் அடுப்பு பற்ற வைக்க அடுத்த வீட்டுக்குப் போவார்கள். வறட்டித் துண்டில் நெருப்பு வாங்கி வருவார்கள். நெருப்பு வாங்கப் போன பெண் நாலு வார்த்தை பேசி விட்டுத்தான் திரும்புவாள். விளக்கு வைத்த பிறகு சில பொருள்களைக் கொடுக்க மாட்டார்கள் என்ற வழக்கமும் இருந்தது.

பிறகு தீப்பெட்டி பெருகியது. 1920-களில் சிவகாசியில் கைத்தொழிலாகத் தீப்பெட்டி தொடங்கியது. அதே 1920-களில்தான் சுவீடன் நாட்டுத் தொடர்புடன் விம்கோ நிறுவனம் இந்தியாவுக்கு வந்தது. திருவொற்றியூரில் அதன் தொழிற்சாலை எழுந்தது. தொழிற்சாலையின் பெயரே ஊருக்குப் பெயர் ஆயிற்று. அதுதான் விம்கோ நகர். 2021-ல் மெட்ரோ ரயில் விம்கோ நகர் வரை வந்தது. அங்கே இறங்கும் இளைஞர்களில் எத்தனை பேருக்கு அது தீப்பெட்டியின் பெயர் என்று தெரியும்?

குச்சி தீர்ந்தால் பெரியவர்களுக்குப் பெட்டி குப்பை. பிள்ளைகளுக்கோ அதுதான் ஆரம்பம்! காலிப் பெட்டிகளை வரிசையாகக் கோத்தால் ரயில். இரண்டு பெட்டிகளில் துளை போட்டு நூல் கட்டினால் டெலிபோன். ஒரு முனையில் அண்ணன் பேசுவான். மறு முனையில் தங்கை காதில் வைத்துக் கேட்பாள். நூலை இழுத்துப் பிடித்தால்தான் கேட்கும். தளர விட்டால் கேட்காது. ஒலி என்பது அதிர்வு. அந்த அதிர்வு இழுத்துப் பிடித்த நூலில் ஓடும். பள்ளிக்கூடத்தில் இதைப் படிக்கும் முன்பே பிள்ளைகள் இதைச் செய்து பார்த்து விட்டார்கள்.

தீப்பெட்டிப் படம் சேர்ப்பது இன்னொரு பொழுதுபோக்கு. கப்பல், புலி, மயில் என்று படங்கள். ஒன்று கொடுத்து ஒன்று வாங்குவார்கள். காசு இல்லாத பிள்ளைக்கும் அதில் இடம் உண்டு. குப்பையில் குனிந்து எடுத்தால் போதும்!

அம்மியும் ஆட்டுக்கல்லும்

அரிக்கேன் விளக்கு, தகரப் பெட்டி, பம்ப் அடுப்பு, அம்மி, ஆட்டுக்கல். அந்தக் காலத்துத் தொழிலாளி வீட்டின் சொத்து இவ்வளவுதான். மாலையில் விளக்குச் சிம்னியைச் சாம்பல் போட்டுத் துடைப்பது பிள்ளைகளின் வேலை. சின்னக் கைதான் அதற்குள் நுழையும்! அம்மி தேய்ந்து விட்டால் அம்மி கொத்துபவர் வருவார். தெருவில் அவர் குரல் கேட்டதும் பெண்கள் வெளியே வருவார்கள்.

"அம்மியில் அரைத்த குழம்பின் ருசி வருமா?" என்று இன்று சிலர் பெருமூச்சு விடுகிறார்கள். ருசி உண்மைதான். ஆனால் யார் அரைத்தது? விடியும் முன் எழுந்து, குனிந்து, இடுப்பு ஒடிய அரைத்தவள் வீட்டுப் பெண். அம்மிக்காக அழுகிறவர்களில் பலர் அம்மி அரைத்தவர்கள் அல்ல, அரைத்ததைச் சாப்பிட்டவர்கள்!

2011-ல் தமிழக அரசு மிக்சி, கிரைண்டர், மின்விசிறி ஆகியவற்றை விலை இல்லாமல் கொடுக்கத் தொடங்கியது. ஏழை வீட்டுப் பெண்ணுக்குக் காலையில் ஒரு மணி நேரம் மிச்சம் ஆயிற்று. அந்த நேரத்தில் அவள் பிள்ளைக்குப் பாடம் சொல்லித் தரலாம். கொஞ்சம் உட்காரலாம். ஆகவே அம்மி போனதில் வருத்தம் இல்லை.

பழையது எல்லாம் பொன் என்று சொல்வது தவறு. பழையது எல்லாம் குப்பை என்று சொல்வதும் தவறு. ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்க்க வேண்டும். யாருக்கு நன்மை, யாருக்குத் துன்பம் என்று கேட்க வேண்டும். இதுதான் அளவுகோல்.

காத்தாடி

இந்த அளவுகோலால் காத்தாடியை அளந்து பார்க்கலாம்.

வண்ணத்தாள், மூங்கில் குச்சி, கொஞ்சம் பசை. வானம் சொந்தம் ஆகி விடும்! ராயபுரம், காசிமேடு மொட்டை மாடிகளில் காத்தாடி பறக்காத மாலை இல்லை என்ற காலம் இருந்தது. பாணா என்று ஒரு வகை. நூல் சுற்றிய லொட்டாயைப் பிடிக்க ஒரு தம்பி. இரண்டு காத்தாடிகள் மோதினால் அதற்கு "டீல்" என்று பெயர். அறுந்த காத்தாடியின் பின்னால் தெருவே ஓடும்.

டீலில் ஜெயிக்க மாஞ்சா போட்டார்கள். கண்ணாடியைத் தூள் ஆக்கி, வஜ்ரம் காய்ச்சி, சாயம் கலந்து நூலில் தடவினார்கள். எதிரியின் நூலை அறுக்கத்தான் இது. ஆனால் நூலுக்குக் கண் இல்லை. எதிரியின் நூல் எது, மனிதனின் கழுத்து எது என்று அதற்குத் தெரியாது!

பழைய நூல் பருத்தி. இழுத்தால் அறுந்து விடும். அதுவே ஆபத்துதான். பிறகு நைலான் நூல் வந்தது. அது எளிதில் அறுவது இல்லை. சாலையின் குறுக்கே விழுந்தால் கண்ணுக்கும் தெரியாது. அப்போது வேகமாக ஒரு மோட்டார் சைக்கிள் வந்தால் என்ன ஆகும்?

2019 நவம்பரில் கொருக்குப்பேட்டை மேம்பாலத்தில் அதுதான் நடந்தது. தந்தையின் மோட்டார் சைக்கிளில் முன்னால் உட்கார்ந்து போன 3 வயதுக் குழந்தை. மாஞ்சா நூல் கழுத்தை அறுத்தது. குழந்தை இறந்து விட்டது.

இதற்கு முன்பும் உயிர்கள் போயின. நைலான் போன்ற செயற்கை நூல் மாஞ்சாவுக்கு 2017 ஜூலையில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் நாடு முழுவதும் தடை விதித்தது. சென்னைப் போலீசும் பல முறை தடை போட்டிருக்கிறது; பலரைக் கைது செய்திருக்கிறது. தடைக்கு முன்பு கடையில் விற்றது, தடைக்குப் பின் மறைவில் விற்றது.

"எங்கள் தாத்தா விட்ட காத்தாடி, எங்கள் அப்பா போட்ட மாஞ்சா" என்று பெருமை பேசுகிறவர்கள் உண்டு. காத்தாடி இருக்கட்டும். திறந்த மைதானத்தில், கடற்கரையில், வெறும் நூலில் பறக்கட்டும். மாஞ்சா வேண்டாம். அம்மியை விட்டது போல மாஞ்சாவையும் விட வேண்டும். போலீஸ் வந்து பிடுங்கும் வரை தகப்பனார் காத்திருக்கக் கூடாது. மகன் கையில் இருப்பது என்ன நூல் என்று அவரே தடவிப் பார்க்க வேண்டும்.

கூடி இருந்த காலம்

சென்னை மாநகராட்சி 1930-ல் வானொலி ஒலிபரப்புத் தொடங்கியது. பூங்காவிலும் கடற்கரையிலும் ஒலிபெருக்கி வைத்தார்கள். வீட்டில் ரேடியோ இல்லாதவர்கள் அங்கே போய்ப் பாட்டுக் கேட்டார்கள். 1938-ல் சென்னையில் அகில இந்திய வானொலி வந்தது.

பிறகு தெரு முனையில் படிப்பகங்கள் வந்தன. ஒரு பெஞ்சு, இரண்டு பத்திரிகை. எழுத்துத் தெரிந்தவர் உரக்கப் படிப்பார். தெரியாதவர் பத்துப் பேர் சுற்றி நின்று கேட்பார்கள். கேட்டுக் கேட்டே எழுத்துக் கூட்டக் கற்றவர்கள் உண்டு.

குத்துச்சண்டையும் இங்கே ஊர்த் திருவிழா போல நடந்தது. சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை என்று அணி பிரிந்து மோதினார்கள். 1980-ல் முகமது அலி சென்னைக்கு வந்தபோது ஊரே திரண்டது. 2021-ல் "சார்பட்டா பரம்பரை" படம் அந்தக் காலத்தைப் புதிய தலைமுறைக்குக் காட்டியது.

ரேடியோ, படிப்பகம், குத்துச்சண்டை. மூன்றிலும் ஒரு பொதுவான குணம் உண்டு. பொருள் ஒன்று, அனுபவிப்பவர் நூறு பேர்!

கேரம் பலகை

அதே குணம் உள்ள இன்னொரு பொருள் கேரம் பலகை. அது மறையவில்லை.

ஒரு பலகை. 9 வெள்ளைக் காய், 9 கறுப்புக் காய், 1 சிவப்பு. ஒரு ஸ்ட்ரைக்கர். மேலே தகர மூடி போட்ட ஒரு பல்பு. கொஞ்சம் பவுடர். இவ்வளவுதான் செலவு. ஆடுகிறவர் 4 பேர். வேடிக்கை பார்க்கிறவர் 20 பேர். சிவப்பைப் போட்டால் மட்டும் போதாது. அடுத்து ஒரு காயையும் போட வேண்டும். தெருப் பிள்ளைகள் இதை "ஃபாலோ" என்பார்கள். கிடைத்தது கையில் நிற்க வேண்டுமானால் அடுத்த அடியும் சரியாக இருக்க வேண்டும்!

"உருப்படாத பிள்ளைகள் ஆடும் ஆட்டம்" என்று ஒரு காலத்தில் பெரியவர்கள் கேரத்தைத் திட்டினார்கள். நடந்தது என்ன?

1988-ல் சர்வதேச கேரம் சம்மேளனம் சென்னையில்தான் உருவாயிற்று. சென்னை வீரர் மரிய இருதயம் இரண்டு முறை உலகப் பட்டம் பெற்றார். கேரத்துக்காக அர்ஜுனா விருதும் பெற்றார். வியாசர்பாடிப் பெண் இளவழகி 2008-ல் பிரான்சில் உலகப் பட்டம் வென்றார். 2024 நவம்பரில் அமெரிக்காவில் உலகக் கோப்பைப் போட்டி. புதுவண்ணாரப்பேட்டை ஆட்டோ ஓட்டுநரின் மகள் காசிமா 3 தங்கப் பதக்கங்களோடு திரும்பினார். அப்போது அவருக்கு வயது 17. தமிழக அரசு அவருக்கு 1 கோடி ரூபாய் பரிசு கொடுத்தது.

இவர்கள் பெரிய மைதானத்தில் பயின்றவர்கள் அல்ல. தெருவில் ஒரு சிறு மன்றம். அதில் ஒரு பலகை. அங்கேதான் விரல் பழகியது. முன்பு ஆண்கள் மட்டும் சூழ்ந்து நின்ற பலகை அது. அங்கே பெண் பிள்ளைகளும் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்ததும் உலகத்தை வென்றார்கள்!

இடம் எங்கே?

இன்று பிள்ளைகளைத் திட்டுவது எளிது. "எப்போதும் செல்போன்!" என்கிறார்கள். ஆனால் செல்போனைக் கீழே வைத்து விட்டுப் பிள்ளை எங்கே போவான்?

தெருவில் வண்டிகள் நிற்கின்றன. துறைமுகச் சாலைகளில் கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டுகின்றன. எண்ணூர்க் கழிமுகத்தில் பிள்ளைகள் நீந்தினார்கள், தூண்டில் போட்டார்கள். 2023 டிசம்பர் புயல் வெள்ளத்தில் அந்தத் தண்ணீர் மேல் கச்சா எண்ணெய் படர்ந்தது. மீனவர் வலையும் படகும் கறுத்தன. விளையாடும் தண்ணீர் விலகிப் போகும் தண்ணீர் ஆயிற்று. இடத்தை எடுத்துக்கொண்டு, "விளையாடு" என்று சொன்னால் நியாயமா?

பழைய காலத்தை அப்படியே திரும்பக் கொண்டு வர முடியாது. கொண்டு வரவும் வேண்டாம். சிம்னி விளக்கும் அம்மியும் போனது போனதுதான். வேண்டியது வேறு. ஒரு பொருளைச் சுற்றிப் பலர் கூடும் இடம் வேண்டும்.

இதற்குப் பெரும் பணம் வேண்டாம். நான்கு தெருவுக்கு ஒரு சிறு அறை. அதில் ஒரு பெஞ்சு, இரண்டு பத்திரிகை, ஒரு கேரம் பலகை, ஒரு விளக்கு. மாலை 5 மணி முதல் 7 மணி வரை பெண் பிள்ளைகளுக்கு முதல் உரிமை. பார்த்துக்கொள்ள ஓய்வு பெற்ற தொழிலாளி ஒருவர். துறைமுகத்திலும் தொழிற்சாலையிலும் உழைத்து ஓய்ந்தவர்கள் இந்தப் பகுதியில் ஏராளம். அவர்களிடம் நேரமும் இருக்கிறது. சொல்லக் கதையும் இருக்கிறது. இடத்தை மாநகராட்சி கொடுக்கலாம். பலகையைத் தொழில் நிறுவனங்கள் கொடுக்கலாம். இந்த மண்ணில் வளர்ந்த நிறுவனங்களுக்கு இது பெரிய செலவு அல்ல.

ஒரு சிறு கொட்டகையில் பலூன் ஊதிய ஊர் இது. அந்தக் கொட்டகையிலிருந்து ஒரு பெரும் தொழில் வளர்ந்தது. ஒரு சிறு மன்றத்தின் பலகையிலிருந்து உலகப் பட்டம் வந்தது. இன்னொரு சிறு அறையைத் திறந்து வைத்தால் அதிலிருந்து என்ன வரும் என்று யாரால் சொல்ல முடியும்?

திறந்து வைக்க வேண்டும். அதுதான் முதல் வேலை!