மே மாதம் 11-ஆம் தேதி

நாட்காட்டியில் இந்தத் தாளைக் கிழிக்கும்போது நம் இல்லங்களில் எவருக்கும் விசேஷமான நினைவு ஒன்றும் எழுவதில்லை. அன்று பண்டிகை இல்லை, விரதமும் இல்லை. பள்ளிக்கூடங்களுக்கோ கோடை விடுமுறை. ஆகையால் சரித்திர ஆசிரியனுக்கு இத்தேதியைப் பற்றிப் பேச மாணவர்கள் அகப்படுவதில்லை. அக்குறையை நேயர்களிடம் தீர்த்துக்கொள்கிறேன்.

1857-ஆம் வருஷம் மே 10, ஞாயிற்றுக்கிழமை மாலை, மீரத்தில் கிளர்ந்தெழுந்த சிப்பாய்கள் இரவோடு இரவாகப் புறப்பட்டுச் சுமார் 40 மைல் கடந்து, மறுநாள் காலை யமுனையின் படகுப் பாலத்தின் வழியே டில்லிக்குள் புகுந்தனர். 81 வயது முதியவரான பகதூர் ஷாவிடம் சென்று, தலைமை ஏற்க வேண்டும் என்று மன்றாடினர். பொழுது சாய்வதற்குள் டில்லி கம்பெனியாரின் கையை விட்டு நழுவிற்று.

ஆனால் குதிரையை விட வேகமாகச் செல்லும் பொருள் ஒன்று அன்று அந்நியரிடம் இருந்தது. டில்லித் தந்தி ஆபீசில் இருந்த இரண்டு இளைஞர்கள், நகரில் நடப்பதை அம்பாலாவுக்குக் கம்பி மூலம் அறிவித்துவிட்டனர். செய்தி பஞ்சாபுக்கு எட்டியது. லாகூரில் இருந்த நம் சிப்பாய்கள் என்ன செய்வது என்று தீர்மானிப்பதற்கு முன்பே, 13-ஆம் தேதி காலை அணிவகுப்பில் அவர்களுடைய ஆயுதங்கள் பறிக்கப்பட்டன. வீரத்தில் அவர்கள் குறைந்தவர்கள் அல்லர். கம்பி அவர்கள் கையில் இல்லை, அவ்வளவுதான்.

இனி நம் ஊருக்கு வருவோம். அதற்குப் பின் 74 ஆண்டுகள் கழித்து, 1931-ஆம் வருஷம் இதே மே 11 அன்று, சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே புறநகர் ரயில் போக்குவரத்துத் தொடங்கிற்று. அந்த ஆண்டிலேயே அப்பாதையில் மின்சார வண்டிகளும் ஓடலாயின. தென்னிந்திய ரயில்வே என்னும் வெள்ளைக்காரக் கம்பெனியின் வண்டிதான். ஆயினும் அதில் ஏறியவர்கள் நம்மவர்கள். ஜார்ஜ் டவுனில் குமாஸ்தா வேலை பார்ப்பவர் பல்லாவரத்திலோ தாம்பரத்திலோ கிணறும் நாலு தென்னையும் உள்ள வீட்டில் குடியிருக்கலாம் என்று ஆயிற்று. சீஸன் டிக்கெட் என்ற சிறு அட்டை எத்தனையோ குடும்பங்களின் உறக்கத்தையும் உணவு வேளையையும் மாற்றியமைத்தது. 1937-ல் கிறிஸ்தவக் கல்லூரியே ஜார்ஜ் டவுனை விட்டுத் தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்தது. இப்படி ஒரு சீமையின் வாழ்க்கையையே மாற்றிய நாளைப் பற்றிப் பரீட்சையில் எவரும் கேள்வி கேட்டு நான் பார்த்ததில்லை. போர் நடந்த தேதிதான் தேதி என்று நினைக்கிறோம் போலும்!

அந்தப் பாதையில் தாம்பரத்துக்குச் சற்று முன்பே குரோம்பேட்டை இருக்கிறது. அங்கே சி. ராஜம் என்பவர் 1949-ல் சென்னைத் தொழில்நுட்பக் கல்லூரியை நிறுவினார். அதில் சேர இடம் கிடைத்த இராமேசுவரத்துப் பிள்ளை ஒருவருக்குச் சம்பளம் கட்ட ஏறக்குறைய ஆயிரம் ரூபாய் வேண்டியிருந்தது. தகப்பனாரிடம் அவ்வளவு பணம் இல்லை. தமக்கை ஜோஹரா தம் பொன் வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். அந்தப் பிள்ளைதான் அப்துல் கலாம். விமானப் பொறியியல் அங்கேதான் கற்றார்.

1998-ஆம் வருஷம் மே 11, பிற்பகல் 3.45 மணிக்கு, ராஜஸ்தானத்துப் போக்ரான் பாலைவனத்தின் அடியில் மூன்று அணுகுண்டுகள் சோதிக்கப்பட்டன. அம்முயற்சியை முன்னின்று நடத்தியவர்கள் இருவர்: ஒருவர் கலாம், மற்றவர் சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற ஆர். சிதம்பரம். உலக வல்லரசுகள் கண்டித்தன. அமெரிக்கா பொருளாதாரத் தடை விதித்தது. குண்டு வேண்டுமா, வேண்டாமா என்ற விவாதத்தை இங்கே நான் தொடங்கவில்லை. அது நம் வீட்டுத் திண்ணைகளில் இன்னும் ஓயவில்லை.

மறு ஆண்டு முதல் இந்நாள் தேசியத் தொழில்நுட்ப தினமாக அனுசரிக்கப்படுகிறது. அன்று மேடையில் பேசுபவர்கள் போக்ரானைச் சொல்வார்கள். ஜோஹராவின் வளையல்களை ஒருவராவது சொல்ல வேண்டும் என்பது என் ஆசை. தாம்பரத்தில் கூட்டம் நடந்தால் ரயிலையும் சேர்த்துக்கொள்ளட்டும். பழைய மீட்டர் கேஜ் மின்சார வண்டிகள் 2004-ல் நின்றுபோயின. அகலப் பாதை வண்டிகள் இப்போது அதே நிலையங்களில் நின்று, அதே கூட்டத்தை ஏற்றிக்கொண்டு போகின்றன.