நாட்டுப்புறத்து வீட்டிற்கு ஏற்ற இணைய இணைப்பு எது?

முன்னாளிலே கிராமத்தில் வீடு கட்ட முற்படுபவர், நிலத்தின் விலையைப் பேசுமுன் அங்குள்ள கிணற்று நீரைக் குடித்துப் பார்ப்பர். நீர் நன்னீரா, உவர்நீரா? மாரியிலே வளவிற்குள் வெள்ளம் நிற்குமா? வண்டி வந்து திரும்ப ஒழுங்கை உண்டா? இவையே அன்றைய வினாக்கள். இன்று அவற்றோடு மற்றுமொன்று சேர்ந்துள்ளது. இந்த வளவிற்கு இணையம் வருமா? வருமாயின் எவ்வழியால் வரும்?

இஃது ஆடம்பரத்தைப் பற்றிய வினா அன்று. 2020ஆம், 2021ஆம் ஆண்டுகளிலே பெருந்தொற்றினாற் பாடசாலைகள் மூடப்பட்டிருந்தபோது, ஊவா மலைப்புறத்துச் சிற்றூர்களில் ஆசிரியர்களும் பிள்ளைகளும் பாடங்களை அனுப்பவும் பெறவும் பாறை உச்சிகளைத் தேடி ஏறிய செய்தியை நாம் மறந்துவிடவில்லை. பாடசாலைகள் திறந்துவிட்டன. ஆயினும் மாலை வகுப்பு, கடந்தகால வினாத்தாள், பரீட்சைப் பெறுபேறு, பல்கலைக்கழக அனுமதி விண்ணப்பம் ஆகிய யாவும் இணையத்தின் வழியே நடைபெறும் வழக்கம் நிலைத்துவிட்டது. நல்ல இணைப்புள்ள வீட்டுப் பிள்ளையும், இரவு எட்டு மணிக்குச் சமிக்ஞை தேடி ஒழுங்கை முகப்பில் நிற்கும் பிள்ளையும் ஒரே வினாத்தாளுக்கே விடை எழுத வேண்டியவர்கள் அல்லரோ? அதிலும் பெண்பிள்ளையாயின் இருட்டியபின் ஒழுங்கைக்குப் போக விடமாட்டோம். அவள் பாடம் அன்றோடு நின்றுவிடும்.

இத்துணை முக்கியமான காரியத்தை நம்மவர் எவ்வாறு முடிவு செய்கின்றனர்? பட்டணத்து உறவினர் வீட்டில் எது உண்டோ அதையே கேட்போர் ஒருசாரார். விளம்பரத்திற் காணும் பெரிய எண்ணை நம்பி வாங்குவோர் மற்றொருசாரார். வெளிநாட்டிலுள்ள மாமனார் பணம் அனுப்பினாரென்று விலை கூடியதைத் தெரிந்துகொள்வோரும் உளர். மூன்றும் தவறான தொடக்கங்களே. பட்டணத்துக் கம்பத்தில் உள்ளது வன்னிக் கிராமத்துக் கம்பத்தில் இல்லாதிருக்கலாம். படுவான்கரை வெளியிலே நன்கு இயங்கும் கருவி, மலையகத் தோட்டமொன்றின் பள்ளத்தாக்கு லயத்திலே ஊமையாகிவிடலாம். தெரிவு நம் வளவிலிருந்தே தொடங்க வேண்டும்.

முதற்கண் நமது தேவையை அளப்போம். ஆற்றிற் போட்டாலும் அளந்து போடு என்பர் பெரியோர். இரு பிள்ளைகள் உள்ள ஒரு குடும்பத்தை எண்ணிக்கொள்வோம். ஒவ்வொருவரும் நாளொன்றுக்கு இரண்டு மணிநேரம் காணொளிப் பாடம் பார்க்கின்றனர். மாதத்தில் 25 நாட்களுக்கு மொத்தம் 100 மணிநேரமாகும். நடுத்தரத் தெளிவுள்ள காணொளி மணிக்கு ஏறத்தாழ ஒரு கிகாபைற் தரவை உட்கொள்ளும் எனக் கொண்டால், பாடத்திற்கு மட்டும் 100 கிகாபைற் வேண்டும். ஆசிரியரின் எழுத்துத் தெரியுமளவிற்குப் படத்தின் தெளிவைக் குறைத்துக்கொண்டால் இதிற் பாதியுடன் காரியம் முடியும். உயர்ந்த தெளிவிலே திரைப்படம் பார்ப்போமாயின் மணிக்கு இரண்டு மூன்று மடங்கு செலவாகும். இக்கணக்கை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டே பொதிகளின் பட்டியலைப் பார்த்தல் வேண்டும்.

அடுத்தது வேகம். விளம்பரங்கள் வேகத்தை மெகாபிற் என்னும் அளவாற் சொல்கின்றன. நமது கோப்புகளோ மெகாபைற் அளவில் உள்ளன. எட்டுப் பிற் சேர்ந்ததே ஒரு பைற். ஆதலால் செக்கனுக்கு 80 மெகாபிற் என்றால் 10 மெகாபைற் என்றே பொருள். ஒரு காணொளி வகுப்பிற்குச் செக்கனுக்கு இரண்டு முதல் நான்கு மெகாபிற் வரை போதும். ஆகவே இரு பிள்ளைகளும் ஒரு தொலைபேசி உரையாடலுமுள்ள வீட்டிற்கு, தளராது கிடைக்கும் 10 மெகாபிற் தாராளம். காலையில் 60 காட்டி இரவில் ஒன்றாகத் தேய்வதினும், எந்நேரமும் பத்தாக நிற்பது மேல். மேலும், நம்மிடமிருந்து வெளியே செல்லும் வேகத்தையும் கேட்டறிக. பிள்ளை ஆசிரியருக்கு விடைசொல்லும் குரலும், எழுதிய தாளின் படமும் அவ்வழியாகவே செல்ல வேண்டும்.

இனி வழிகளைப் பார்ப்போம். அவை நான்கு.

முதலாவது, பழைய தொலைபேசிச் செப்புக் கம்பி. கம்பியின் நீளம் கூடக்கூட அதில் ஓடும் சமிக்ஞை மெலியும். தொலைபேசி நிலையத்திலிருந்து ஓரிரு கிலோமீற்றருக்குள் இருப்போர்க்கு ஓரளவு பயன் தரும். ஐந்து கிலோமீற்றருக்கு அப்பால் உள்ளவர்க்கு அது பெயரளவிலான இணைப்பே. கம்பி மின்னலையும் வீட்டினுள் அழைத்துவரும் என்பதையும் மனங்கொள்க.

இரண்டாவது, ஒளியிழை. தலைமயிரளவு கண்ணாடி இழையிலே ஒளியாகச் செய்தி ஓடுவதால், தூரத்தால் அதன் வேகம் குன்றுவதில்லை. மழையும் அதனைத் தடுப்பதில்லை. கண்ணாடி மின்னைக் கடத்துவதுமில்லை. நம் ஒழுங்கைக் கம்பத்தில் ஒளியிழை வந்துவிட்டதாயின் வேறெதையும் நாடவேண்டியதில்லை. ஆனால் ‘விரைவில் வரும்’ என்ற வாய்ச்சொல்லை நம்பியிருத்தல் கூடாது. நம் வீட்டின் கம்பத்துக்கு இப்பொழுதே இணைப்பு உண்டா என்று நிறுவனத்திடம் முகவரி கொடுத்துக் கேட்டல் வேண்டும்.

மூன்றாவது, கோபுரத்திலிருந்து காற்றுவழி வரும் நான்காம் தலைமுறை இணைப்பு. நமது கிராமங்களிற் பெரும்பாலானவற்றுக்கு இதுவே கைக்கெட்டுவது. இதன் இயல்பை அறிந்துகொண்டால் ஏமாற்றம் குறையும். தாழ்ந்த அலைவரிசைகள் நெடுந்தூரம் செல்லும். உயர்ந்த அலைவரிசைகள் மிகுந்த தரவைச் சுமக்குமாயினும் விரைவில் மங்கும். அடர்ந்த மரங்களின் ஈரமான இலைகளும், கொங்கிறீற்றுச் சுவரும், தகரக் கூரையும் அலையை விழுங்கும் அல்லது திருப்பிவிடும். அன்றியும் ஒரு கோபுரத்தின் கொள்ளளவை அவ்வூரார் யாவரும் பங்கிட்டுக்கொள்கின்றனர். ஒரு கிணற்றில் ஊர் முழுவதும் ஒரே வேளையில் நீர் மொண்டால் ஊற்று அடங்குவதுபோல, மாலை ஏழு மணிக்கும் பதினொரு மணிக்கும் இடையில் வேகம் தளரும். நமது பிள்ளைகள் படிக்கும் நேரமும் அதுவேயன்றோ?

நான்காவது, செய்மதி. முற்காலச் செய்மதி இணைப்புகள் ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில் உள்ள செய்மதிகளை நம்பியிருந்தன. கேள்வி ஏறி இறங்கவும், விடை ஏறி இறங்கவும் அரைச் செக்கன் வரை கழிந்துவிடும். ஸ்டார்லிங்க் நிறுவனத்தின் செய்மதிகள் ஏறக்குறைய 550 கிலோமீற்றர் உயரத்திலே சுற்றுவதால் அத்தாமதம் பெரும்பாலும் நீங்கிவிட்டது. அந்நிறுவனம் 2024 ஓகஸ்ட் மாதத்தில் இலங்கையில் உரிமம் பெற்று, 2025 யூலையிற் சேவையைத் தொடங்கியது. கோபுரமே எட்டாத இடங்களுக்கு இது பெரும் வரப்பிரசாதம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் கருவியின் விலையும் மாதக் கட்டணமும் ஏனையவற்றிலும் மிகக் கூடியன. தட்டுக்கு மரக்கிளை மறைக்காத திறந்த வானம் வேண்டும். பலாவும் தென்னையும் சூழ்ந்த முற்றத்தில் அது அடிக்கடி அறுபடும். கருவி உண்ணும் மின்சாரமும் சாதாரண றவுட்டரினும் பன்மடங்காகும். முதற்பணத்தை மாமனார் அனுப்பலாம். மாதந்தோறும் வரும் பட்டியலை யார் கட்டுவர் என்பதையும் அன்றே பேசி முடிவுசெய்க.

நம்மிற் பலர் மூன்றாவது வழியையே தெரிந்துகொள்ள நேரும் என்பதால், அதற்குரிய சோதனையைச் சற்று விரித்துரைப்போம். கருவியை வாங்குமுன், வெவ்வேறு நிறுவனங்களின் சிம் அட்டைகளை அயலவரிடமோ உறவினரிடமோ இரவல் பெறுக. றவுட்டரை எங்கு வைக்க எண்ணுகின்றோமோ, அவ்விடத்திலேயே கைத்தொலைபேசியை வைத்து வேகத்தை அளக்குக. காலையில் ஒருமுறை, நண்பகலில் ஒருமுறை, இரவு எட்டு மணிக்கு ஒருமுறை என ஒரு வாரம் அளந்து குறித்தல் நன்று. இடையில் ஒருநாள் மழை பெய்யின் அதுவும் நல்லதே. கைத்தொலைபேசியின் அமைப்புப் பகுதியிலே சமிக்ஞையின் வலிமை டிபிஎம் என்னும் அளவில் எதிர்க்குறியுடன் காட்டப்படும். எதிர் 85 அளவிலிருந்தால் நன்று. எதிர் 100 நடுத்தரம். எதிர் 110ஐத் தாண்டினால் நலிவு. இரவு எட்டு மணிக்கு எந்த அட்டை தாக்குப்பிடிக்கின்றதோ, அதுவே நம் வீட்டின் அட்டை. விளம்பரத்தின் அழகு இங்கு செல்லாது.

சமிக்ஞை நலிந்திருந்தால் உடனே மனந்தளர வேண்டா. றவுட்டரைக் கோபுரம் உள்ள திசையை நோக்கிய யன்னலருகே, உயரமான இடத்தில் வைத்துப் பார்க்குக. அலுமாரியின் பின்னும் குளிர்சாதனப் பெட்டியின் மேலும் வைத்துவிட்டுக் கம்பனியை வைதுகொண்டிருத்தல் பயனற்றது. அவ்வாறும் போதாதெனில், கூரைக்கு மேலே குழாயில் நிறுத்தும் திசை அன்ரெனா பெரிதும் உதவும். ஆனால் எல்லா றவுட்டர்களிலும் வெளி அன்ரெனாவைப் பொருத்தும் துளை இருப்பதில்லை. வாங்கும்போதே அதைப் பார்த்து வாங்குக.

மின்சாரத்தையும் மறந்துவிடலாகாது. 2022 மார்ச் மாத முடிவிலே நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு நிலவியதை நாமெல்லோரும் அனுபவித்தோம். சாதாரண றவுட்டர் 12 வோல்ற்றில் இயங்குவது; ஏறத்தாழ 12 உவாற்று மின்வலுவே அதற்கு வேண்டும். 12 வோல்ற், 7 அம்பியர்-மணி கொண்ட சிறு பற்றரியொன்று உரிய இணைப்புக் கருவியுடன் அதனை நான்கைந்து மணிநேரம் இயக்கும். பரீட்சை எழுதும் பிள்ளையுள்ள வீட்டில் இச்செலவு வீண்செலவன்று. சித்திரையிலும் ஐப்பசியிலும் இடிமின்னல் மிகும் நாட்களில், செப்புக் கம்பியையும் மின்செருகியையும் கழற்றி வைத்தல் வேண்டும். கூரைமேல் அன்ரெனா உயர்த்துவோர் நிலத்தொடுப்பைத் தகுதியான மின்வினைஞரைக் கொண்டே செய்விக்க வேண்டும்.

பணம் கொடுக்குமுன் கேட்கவேண்டிய வினாக்கள் ஐந்து. ஒப்பந்தம் எத்தனை மாதத்துக்கு? இடையில் நிறுத்தினால் அபராதம் யாது? ‘எல்லையற்றது’ என்று சொல்லும் பொதியில் எத்தனை கிகாபைற்றுக்குப் பின்னர் வேகம் குறைக்கப்படும்? தரவில் எவ்வளவு பகலுக்குரியது, எவ்வளவு நள்ளிரவுக்குப் பின்னரே பயன்படுவது? கருவி பழுதானால் யார், எங்கிருந்து, எத்தனை நாளில் வருவர்? நள்ளிரவுத் தரவை நம்பிப் பொதி வாங்கினால், பிள்ளை நித்திரையைக் கெடுத்தல்லவோ படிக்க நேரும்! விடைகளை எழுத்திலே பெறுக. நிறுவனம் குறை தீர்க்காவிடின், தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் முறையிடும் உரிமை நமக்குண்டு என்பதையும் நினைவிற் கொள்க.

மாதக் கட்டணத்துக்கு வழியில்லாத குடும்பங்களுக்கும் ஒரு வார்த்தை. கடன்பட்டு ஈராண்டு ஒப்பந்தத்தில் மாட்டிக்கொள்ளாதீர். முற்கொடுப்பனவுத் தரவு அட்டையொன்றைக் கைத்தொலைபேசியில் இட்டு, அதிலிருந்து வீட்டினுள் அலையைப் பகிர்ந்துகொள்ளலாம். அயலூருக்குச் செல்லும் நாளிலே பாடங்களை இறக்கி வைத்துக்கொண்டு வீட்டில் ஆறுதலாகப் பார்க்கலாம். இதிலே வெட்கமொன்றுமில்லை.

இறுதியாக ஊரவர்க்கு ஒன்று கூறுவோம். தனியொரு வீட்டின் விண்ணப்பத்துக்கு ஒளியிழை வரப் பலகாலம் செல்லும். இருபது வீட்டார் கையொப்பமிட்டுச் சேர்ந்து கேட்டால் நிறுவனத்திற்கும் கணக்கு ஒத்துவரும். நம் ஊர்களிலே வாசிகசாலைகள் எழுந்ததும் இவ்வாறே. பத்திரிகை வாங்க இயலாதவனும் வந்து வாசிக்கட்டும் என்று ஊர்ப் பணத்திலே கட்டியவர்கள் நம் முன்னோர். அவ்வாசிகசாலைக்கு இன்று ஒரு நல்ல இணைப்பையும், நான்கு மேசையையும், இரவு ஒன்பது மணிவரை எரியும் விளக்கையும், துணையிருக்க ஒரு பெரியவரையும் ஒழுங்குசெய்தால், ஒழுங்கை முகப்பில் நிற்கும் பிள்ளைக்கு அமர்ந்து படிக்க ஓரிடம் கிடைத்துவிடும். இவ்வாரம் உங்கள் ஊர்ச் சங்கக் கூட்டத்தில் இதைப் பேசிப் பாருங்கள்.