பரணைத் திறந்து காட்டுவது யார்?

சித்தி மகள் வேலையை விட்டுவிட்டு 'வீடு ஒழுங்குபடுத்தித் தருகிறேன்' என்று கிளம்பியதும் குடும்பமே கேட்டது: "இதுக்கெல்லாம் யாருடி காசு குடுப்பா?"

நியாயமான கேள்வி. ஜப்பானின் மாரி கோண்டோ 19 வயதில், கல்லூரியில் படிக்கும்போதே இந்தத் தொழிலைத் தொடங்கியவர். 2019இல் நெட்ஃபிளிக்ஸ் தொடர் வந்த பிறகு நங்கநல்லூரிலும் அவர் பெயரைச் சொல்கிறார்கள். ஆனால், பெயர் தெரிவது வேறு, முன்பின் தெரியாதவருக்குப் பீரோவைத் திறந்து காட்டுவது வேறு.

உறவுக்காரர்களிடம் தொடங்கலாம் என்பது அவள் திட்டம். வேண்டாம் என்றேன். நம் பரணில் கிடப்பதைச் சொந்தக்காரி பார்த்துவிட்டால், அடுத்த கல்யாணத்தில் பந்திவரை அந்தப் பேச்சு வந்துவிடும் என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. வீடு அலங்கோலமாக இருப்பவர்களும் கூப்பிட மாட்டார்கள்; அவர்களுக்கு அது பழகிப்போன விஷயம். கூப்பிடுகிறவர்கள், வேறு வழியில்லாதவர்கள். முக்கியமாக, வீடு மாறுகிறவர்கள். பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ் ஆட்கள் பெட்டியை இறக்கி வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். அதன் பிறகு கரண்டி எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று தேடுவது வீட்டுக்காரர் பாடு.

ஆடியில் யாரும் குடிபோக மாட்டார்கள். ஆனால், ஆவணிக்கான வீட்டை அப்போதே பேசி முடித்திருப்பார்கள். ஆகவே ஆடியில் அவள் வீட்டு புரோக்கர்களைப் போய்ப் பார்த்தாள். அப்படிக் கிடைத்தவர்தான் முதல் வாடிக்கையாளர், ஓய்வுபெற்ற ஆசிரியை. தனி வீட்டிலிருந்து இரண்டு படுக்கையறை ஃபிளாட்டுக்குப் போகிறார். பணம் அனுப்புவது வெளிநாட்டில் இருக்கும் மகன்.

அடுக்களைப் பாத்திரங்களிலேயே ஒரு காலை போய்விட்டது. எவர்சில்வர் தூக்கு ஒன்றை எடுத்தால், மூடியில் புள்ளி புள்ளியாகக் கொடுத்தவர் பெயரும் கல்யாணத் தேதியும் வெட்டியிருக்கிறது. கொடுத்தவர் யார், அவர் மகள் இப்போது எங்கே இருக்கிறாள் என்பதெல்லாம் சொல்லி முடித்த பிறகுதான் அந்தத் தூக்கு 'கொடுத்துவிடலாம்' பக்கம் நகரும். மணிக்கணக்கில் கூலி பேசாமல் வேலைக்கு மொத்தமாகப் பேசியது நல்லதாகப் போயிற்று. இலவசமாகச் செய்து கொடுக்காததும் நல்லதே. இலவசம் என்றால் கூடமாட ஒத்தாசைக்கு வந்த பெண் என்று நினைத்து, கூடவே பாத்திரம் தேய்க்கவும் சொல்லிவிடுவார்கள்.

முதல் நாளே அவள் சொன்ன நிபந்தனை ஒன்றுதான்: அரிசி டின், பருப்பு டப்பா, சாமி அலமாரி மூன்றிலும் வீட்டுக்காரர் மட்டுமே கைவைக்க வேண்டும். நகையும் பணமும் எங்கே இருக்கும் என்று நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரியாதா?

'முன்பு, பின்பு' என்று படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட ஆசிரியை சம்மதிக்கவில்லை. பதிலாக, தன்னோடு வேலை பார்த்தவர்களிடம் அந்த அரிசி டின் நிபந்தனையைச் சொல்லியிருக்கிறார். அவர்களில் ஒருவர் கூப்பிட்டார். கணவர் ஊரில் இல்லாத நாளாகப் பார்த்து வரச் சொன்னார். பரணில் கணவருடைய பழைய வார இதழ்க் கட்டுகள் இருக்கின்றனவாம். சார் இருக்கும் நாளிலேயே வருகிறேன் என்று இவள் சொல்லிவிட்டாள்.