முகம் தெரியணும் சாமி!

லைட் போடக் கத்துக்கறேன்னு கிளம்பற எல்லாரும் வாடகைக் கடையில முதல்ல கை நீட்டறது மூவிங் ஹெட் பக்கம்தான். நானும் அப்படித்தான். நண்பர்களோட பேண்டுக்கு முதல் ஷோ. இருந்த காசு மொத்தமும் சுத்தற லைட்டுக்கும் புகைக்கும் போச்சு. மேடை ஜகஜ்ஜோதி! ரெண்டாவது பாட்டுல முழுச் சிவப்பு போட்டேன். பாடகி நோட்டுல சிவப்பு மையில எழுதி வச்சிருந்த சரணம் அப்படியே காணாமப் போச்சு. பாவம், பல்லவியையே மூணு தரம் பாடினாங்க. தப்பு என்னோடது, கிண்டல் அவங்களுக்கு.

அதுலேர்ந்து என் கட்சி இதான்: கையில காசு கம்மியா, முதல் செலவு முகத்துக்கு. வார்ம் ஒயிட் எல்இடி பார் ரெண்டு, மேடைக்கு முன்னாடி ரெண்டு பக்கமும், மேலேர்ந்து சுமாரா 45 டிகிரியில. ஆர்ஜிபி லைட்டுலயே மூணையும் கலந்து வெள்ளை எடுத்துக்கலாமேன்னு கேக்காதீங்க, அதுல மனுஷ முகம் ஆஸ்பத்திரி கேஸ் மாதிரி இருக்கும். மிச்சம் இருந்தா கலர், அதுவும் பின்னாலேர்ந்து.

கன்ட்ரோலுக்கு பழைய லேப்டாப், ஒரு யுஎஸ்பி டிஎம்எக்ஸ் டப்பா, க்யூஎல்சி பிளஸ் (இலவசம்!) போதும். ஒரு லைனுக்கு 512 சேனல். ஏழு சேனல் லைட்டுன்னா முதல் அட்ரஸ் 1, அடுத்தது 8. நம்ம அர்ரே மாதிரிதான், என்ன, ஜீரோல ஆரம்பிக்காது. கடைசி லைட்டுல 120 ஓம் டெர்மினேட்டர் சொருகிடுங்க. இல்லாம லைட்டு தானா மினுக்கினா பேய் இல்லை, சிக்னல் முட்டித் திரும்பி வருது.

அடுத்த ஷோவுக்கு முகத்துக்கு லைட் வச்சிருந்தேன். பாடகி கறுப்பு மையில எழுதிட்டு வந்திருந்தாங்க. என்னை நம்பலையாம் :-)