நியூட் வளர்ப்போர் கடமை

வட லாவோஸின் மலையோடைகளில் வாழும் ஒருவகை நியூட்டை விஞ்ஞானிகள் 2002-ம் வருஷத்தில் முதன்முதலாக விவரித்து வெளியிட்டார்கள். பல்லி போன்ற உருவமும், தவளையைப்போல் நீரிலும் நிலத்திலும் வாழும் இயல்பும் உடைய பிராணியே நியூட். அறிவு வளர்ச்சிக்கென வெளியான அவ்விவரமே பிராணி வியாபாரிகளுக்கு வழிகாட்டியாக முடிந்தது. கிராமவாசிகளுக்குப் பணம் கொடுத்து அவற்றைப் பிடிக்கச் செய்து, அன்னிய நாடுகளில் அதிக விலைக்கு விற்றார்கள்.

வியாபாரியை மட்டும் நிந்திப்பதில் பயனில்லை. வாங்குவோர் இருக்கும்வரை விற்போரும் இருப்பர். நியூட் வளர்ப்பதையே விலக்கவேண்டுமென்பது நமது கட்சியன்று. வளர்ப்போர் தம்மிடமுள்ளவற்றை இனவிருத்தி செய்வித்துத் தமக்குள் வழங்கிக்கொண்டால், ஓடைகளைக் கொள்ளையிட அவசியமே இராது.

அது அசாத்தியமன்று. ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் நியூட்டையே எடுத்துக்கொள்வோம். வருஷம் முழுவதும் ஒரே உஷ்ணத்தில் வைத்து வயிறார ஊட்டினால் அது உயிர்வாழும், முட்டையிடாமலே போகலாம். குளிர்காலத்தில் சில வாரங்கள் 5 முதல் 10 டிகிரி சென்டிகிரேட் குளிரில் வைத்து, பிறகு உஷ்ணத்தையும் வெளிச்சத்தையும் படிப்படியாக உயர்த்தினால், அதற்கு வசந்தம் வந்துவிட்டதாகத் தோன்றும். தொட்டியில் மெல்லிய இலைகளுள்ள நீர்ச்செடிகள் வேண்டும். பெண் நியூட் ஒவ்வொரு முட்டையாக இலையில் மடித்து வைக்கும். தாய் தந்தையரே அவற்றைத் தின்றுவிடுமாதலால், முட்டையுள்ள இலைகளை உடனே வேறு பாத்திரத்துக்கு மாற்றவேண்டும். குஞ்சுகள் அசையும் இரையையே நாடும்; நீர்த்தெள்ளுப்பூச்சி போன்ற சிற்றுயிர்களை நாள்தோறும் கொடுப்பது அவசியம். பணத்தைவிடப் பொறுமையே இதற்கு வேண்டும் மூலதனம்.

பெருகியவற்றை ஓடையில் விடுவது தர்மமென்று எவரும் மயங்கலாகாது. 2013-ல் விவரிக்கப்பட்ட ஒரு பூஞ்சக்காளான் நோய், ஹாலந்திலிருந்த நெருப்புச் சாலமாண்டர்களை ஏறக்குறைய அழித்துவிட்டது. ஆசியாவில் தோன்றிய அந்நோய், பிராணி வியாபாரத்தின் மூலமே ஐரோப்பாவுக்கு வந்திருக்கவேண்டுமென்பது விஞ்ஞானிகளின் கருத்து. இதற்கஞ்சியே அமெரிக்க சர்க்கார் 2016-ல் 201 வகைச் சாலமாண்டர்களின் இறக்குமதியைத் தடுத்தனர். நியூட்டுகளும் அவற்றுள் அடங்கும்.

சட்டம் துறைமுகத்தைக் காவல் செய்யலாம். வாங்குபவனுடைய ஆசையைக் காவல் செய்ய முடியாது. நியூட் வாங்க விரும்புவோர், அது ஓடையில் பிடிபட்டதா, தொட்டியில் பிறந்ததா என்று முதலில் விசாரிக்கவேண்டும். திருப்தியான பதில் கிடைக்காவிடில் வெறுங்கையுடன் திரும்புவதே அவர்கள் கடமையென்று வற்புறுத்துகிறோம்.