தலையெண்ணிக்கையா, தராசா?

மாநிலக் கட்சிக்குப் பாராளுமன்றத்தில் என்ன வேலை என்று கேட்போர் உண்டு. தன் மாநிலத்தின் பங்கைக் காப்பதே அதன் வேலை அன்றோ! அப்பங்கில் முதன்மையானது இடங்களின் எண்ணிக்கை.

1962 தேர்தலில் சென்னை மாநிலத்துக்கு மக்களவையில் 41 இடங்கள், 1967-இல் 39. ஆந்திரத்துக்கு 43 இருந்தது 41 ஆயிற்று. மக்கள்தொகைக் கணக்கு செய்த வேலை அது. குடும்பக் கட்டுப்பாட்டில் முனைந்த மாநிலங்கள் இழப்படையலாகாது என்றே 1976-இல் 42-ஆம் திருத்தம் பங்கீட்டை நிறுத்திவைத்தது. 2001-இல் 84-ஆம் திருத்தம் அதை நீட்டித்தது.

"வடநாட்டு வாக்குக்கும் சம மதிப்பு வேண்டாமா?" என்று என் ஆய்வுக்கூட நண்பர் கேட்கிறார். நியாயமான கேள்விதான். ஆனால் கூட்டாட்சியில் தலையெண்ணிக்கை மட்டுமே தராசாகாது. அமெரிக்காவின் செனட் சபையில் பெரிய மாநிலத்துக்கும் சிறிய மாநிலத்துக்கும் இரண்டே இடங்கள். நம் மாநிலங்களவையிலோ உத்தரப் பிரதேசத்துக்கு 31, தமிழ்நாட்டுக்கு 18. ஈடுசெய்யும் அவை நமக்கு இல்லை; ஆகவே மக்களவை இடங்களை எளிதில் விட்டுவிட முடியாது.

1967-இல் தி.மு.க. 25 இடங்களை வென்றது. 1984-இல் தெலுங்கு தேசம் 30 இடங்களுடன் எதிர்க்கட்சிகளுள் முதலிடம் பெற்றது. தனித்தனியே ஒலித்த குரல்கள் இவை. 2024 தேர்தலில் தென்மாநிலங்கள் ஐந்துக்கும் சேர்த்தே 543-இல் 129 இடங்கள்தாம். 39 பேர் தனித்து நின்று என்ன செய்ய இயலும்?

நண்பர்களே! ஐதராபாத்தில் வாழும் நமக்கு ஒரு கடமை உண்டு. நம் வழக்கைத் தமிழரிடமே பேசிக்கொண்டிராமல், பக்கத்து மேசையிலுள்ள தெலுங்கு நண்பரிடம் கணக்கோடு எடுத்துரைப்போம். அது அவர் வழக்கும் ஆகும்.