ஒரே ஊரில் வெள்ளமும் தண்ணீர்ப் பஞ்சமும்! ஏன்?

2015-ம் ஆண்டு டிசம்பர் 1-ந் தேதி. சென்னையில் பேய் மழை! தாம்பரத்தில் மட்டும் ஒரே நாளில் 49 சென்டி மீட்டர் கொட்டியது. செம்பரம்பாக்கம் ஏரியில் இருந்து வினாடிக்கு 29 ஆயிரம் கன அடி தண்ணீர் திறந்து விடப்பட்டது. அடையாறு கரை புரண்டது. மக்கள் படகில் ஏறி உயிர் தப்பினார்கள்.

4 ஆண்டுகள்கூட ஆகவில்லை. 2019-ம் ஆண்டு கோடையில், அதே சென்னையில் குடிக்கத் தண்ணீர் இல்லை! பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய 4 ஏரிகளும் வறண்டன. பெண்கள் குடங்களுடன் தெருவில் காத்துக் கிடந்தார்கள். ஜூலை 12-ந் தேதி தண்ணீர் ரெயில் வந்தது. 200 கிலோ மீட்டருக்கு அப்பால் உள்ள ஜோலார்பேட்டையில் இருந்து, 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் கொண்டு வந்தது.

மழை குறைவா?

2018-ல் மழை குறைவுதான். ஆனால் சென்னை, மழை இல்லாத ஊர் அல்ல. ஆண்டுக்குச் சராசரியாக 140 சென்டி மீட்டர் பெய்கிறது. லண்டனில் பெய்வதுபோல 2 மடங்கு!

இந்த மழையில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்து விடுகிறது. அதைப் பிடித்து வைத்துத்தான் மற்ற மாதங்களை ஓட்டவேண்டும். அதற்காகவே முன்னோர்கள் ஏரிகளை வெட்டினார்கள். ஓர் ஏரி நிரம்பினால், மிச்சத் தண்ணீர் அடுத்த ஏரிக்குப் போகும். கடைசியில்தான் ஆற்றில் விழும்.

ஏரி எங்கே?

ஊர் பெருத்தது. ஏரிகள் வீடுகள் ஆயின. இன்று துணி வாங்கக் கூட்டம் மோதும் தியாகராயநகர், ஒரு பெரிய ஏரியைத் தூர்த்து 1920-களில் உருவான ஊர். மேற்கு மாம்பலத்தில் "லேக் வியூ ரோடு" இருக்கிறது. "ஏரி தெரியும் சாலை" என்று பொருள். சாலை உண்டு, ஏரி இல்லை!

தென் சென்னையின் வெள்ளத்தைத் தாங்கி நின்றது பள்ளிக்கரணை சதுப்பு நிலம். அதில் கட்டிடங்கள் எழுந்தன, குப்பையும் கொட்டப்பட்டது. மிஞ்சிய பகுதி 2022-ல்தான், உலக அளவில் காக்கவேண்டிய ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது.

மண்ணும் சிமெண்டும்

மண்ணில் விழும் மழை கீழே இறங்கும். கிணற்றில் ஊறும். பல நாள் கழித்தும் ஆற்றுக்குக் கசிந்து வரும். சிமெண்டில் விழும் மழை நிற்பது இல்லை. ஒரே ஓட்டமாக ஆற்றுக்குப் பாய்கிறது. அன்று வெள்ளம்! அப்புறம் ஆற்றில் ஓடுவது பெரும்பாலும் சாக்கடை, கிணற்றில் வறட்சி. வெள்ளமும் பஞ்சமும் ஒரு தாய்ப் பிள்ளைகள்!

என்ன செய்வது?

2003-ல் வீடுதோறும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் ஆக்கப்பட்டது. பல இடங்களில் கிணற்று நீர் மேலே வந்தது. அந்தக் குழிகளில் எத்தனையோ இன்று மண் மூடிக் கிடக்கின்றன. மழைக்கு முன் அவற்றைத் தூர் எடுக்கவேண்டும். இருக்கும் ஏரிகளையும் கால்வாய்களையும் காக்கவேண்டும்.

மழைக்காலத்தில் தண்ணீர் தங்க இடம் விட்டால், கோடையில் அது குடத்துக்கு வரும்.